எழுத்தில் அடங்காத ஒலிகள்



இலக்கியம் என்றதும் எழுத்தையே நாம் எண்ணிக்கொள்கிறோம். எழுத்துக்கு முன்னர் பேச்சு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால், பேச்சென்று சொல்லவும் முடியாமல், வெறுஞ் சத்தமென்று தள்ளவும் முடியாமல், இரண்டுக்கும் நடுவில் நின்று ஒருவர் மனத்தை மற்றவருக்கு உணர்த்தும் வாயொலிகள் பல உண்டு. கலியாண வீட்டில் பெண்கள் இடும் குரவை, கதை கேட்கும் பிள்ளை கொட்டும் 'ம்', துக்கச் செய்தி கேட்டோர் கொட்டும் உச்சு, கடப்படியில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும் செருமல், கடற்கரையிலிருந்து பிள்ளையை அழைக்கும் நீண்ட கூப்பாடு ஆகியன அவற்றுட் சில. அகராதியைப் புரட்டினால் இவற்றின் பெயர் கிடைக்கும், ஒலி கிடைக்காது. வானொலியில் என்றால் நானே ஒலித்துக் காட்டிவிடலாம். பத்திரிகையில் வாசிப்போர் தம் வாயாலேயே ஒலித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்வது நல்லது!

இவ்வொலிகளை எண்ணிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் முடிபு ஒன்றே. ஒலி பிறப்பது வாயில். அதற்குப் பொருள் பிறப்பதோ கேட்பவர் செவியில். இன்ன ஒலிக்கு இன்ன கருத்து என்று ஊரார் எழுதாத ஓர் ஒப்பந்தத்தில் முன்னரே இணங்கியிருந்தால்தான் அது செய்தியாகும். அந்த இணக்கம் இல்லாவிடின், எத்துணை உரத்துக் கத்தினாலும் அது காற்றோடு போய்விடும். இதனை எமது அம்பாறைக் கரையோர ஊர்களின் வழக்குகளைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

காற்று எழுத்தாகும் விதம்

வாயொலி பற்றிய ஆராய்ச்சி தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தமது எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் என்று ஓர் இயலையே வகுத்துள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்பது அவர் விளக்கம். இன்றைய ஒலியியலார் கருவிகளைக் கொண்டு அளந்து சொல்வதற்கு இது பெரிதும் நெருங்கி நிற்பது வியப்புக்குரியது.

அறபு மொழியிலும் இவ்வாராய்ச்சி செழித்தது. 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அறபின் முதல் அகராதியெனப் போற்றப்படும் 'கிதாபுல் ஐன்' நூலை அலிப், பே என்ற வழக்கமான வரிசையில் அமைக்கவில்லை. தொண்டையின் அடியில் தொடங்கி உதட்டில் முடியும்படி, எழுத்துக்கள் பிறக்கும் இடத்தின் வரிசையிலேயே அமைத்தார். அதனால்தான் மிடற்றில் பிறக்கும் 'ஐன்' என்ற எழுத்து அந்நூலின் பெயராயிற்று. எமதூர்ப் பிள்ளைகள் ஓதப்போகும் இடத்தில் 'மஃக்ரஜ்' என்ற சொல்லைக் கேட்பார்கள். ஒலி பிறக்குமிடம் என்பதே அதன் பொருள். காலையில் தமிழ்ப் பாடசாலையில் அண்ணமும் பல்லும் கொண்டு எழுத்தொலிக்கும் பிள்ளை, மாலையில் லெவ்வையின் முன் அமர்ந்து, தமிழில் இல்லாத மிடற்றொலிகளைப் பழகுகிறது. இரு மொழியின் ஒலிகளுக்கும் ஒரே வாயைப் பழக்குவது சிறிய பயிற்சியன்று.

ஒலியை ஆராய்ந்தோருக்கு எமது கரை பஞ்சமானதுமன்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழியியலைத் தம் துறையாகக் கொண்டு, முஸ்லிம்களின் பேச்சுத் தமிழையும் ஆராய்ந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிராமத்து முஸ்லிம்களின் கவிகளையும் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார்.

ஆயினும், வாய்க்கு முன்னர் செவியே பாடம் படிக்கத் தொடங்கிவிடுகிறது. ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்லீன் வெர்ம்கேயும் அவரது குழுவினரும் பிறந்து சில நாட்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்ந்து தொடங்கி உயர்ந்து சென்றது. ஜேர்மன் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கித் தாழ்ந்து வந்தது. அந்தந்த மொழியின் பேச்சு ஏற்ற இறக்கமும் அவ்வாறே உள்ளது. கருவில் இருக்கும்போதே தாயின் குரலோட்டத்தைச் செவி வாங்கிக்கொண்டது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும் எம்மவர், பேச்சறியாச் சிசுவும் கேட்கும் என்பதை எக்காலத்திலேயோ உணர்ந்திருந்தனர் போலும்.

சேய்மை விளி

இனி, கடற்கரைக்கு வருவோம். காதர் என்ற பிள்ளையை வீட்டுக்குள்ளே கூப்பிடும் உம்மா 'காதர்' என்று சுருக்கமாக அழைக்கிறாள். அதே பிள்ளை கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தால், அந்தப் பெயர் 'காஆஆஆதேஏஏஏர்' என்று நீண்டு வளர்ந்துவிடுகிறது. தெருவால் போகும் ஒருவர் இதனை இலக்கணப் பிழை என்று சொல்லிவிடக் கூடாது. தொலைவில் உள்ளோரை அழைக்குங்கால் பெயர்கள் தம் அளவைக் கடந்து நீண்டு ஒலிக்கும் என்று தொல்காப்பியர் விளிமரபிலே விதி செய்திருக்கிறார். எழுத்தறியாத மூத்தம்மாவும் அந்த விதியிலிருந்து தவறியதில்லை.

ஏன் இவ்வாறு நீட்டுகிறோம்? மெய்யெழுத்தின் ஒலி மெலிந்தது. சிறிது தூரம் சென்றதும் அலையோசையில் கரைந்துவிடும். உயிரெழுத்தின் ஒலியே வலிமை மிக்கது. ஆதலால், தூரத்துக்குச் செல்லும் செய்தியில் மெய்யைக் கைவிட்டு உயிரைப் பற்றிக்கொள்கிறோம். பிள்ளைக்குக் கேட்பது 'காதர்' என்ற ஐந்து ஒலியும் அல்ல; இரண்டு உயிரும், தன் உம்மாவின் குரலும்தான். அவ்வளவே அதற்குப் போதும். பக்கத்தில் விளையாடும் பிள்ளைக்கு அது வேறு யாரோ ஒருவரின் உம்மா.

காற்றும் இதில் ஒரு பங்காளி. மேற்கிலிருந்து கச்சான் வீசும் நாட்களில் கரையில் நிற்பவர் கூப்பிட்டால் கடலில் நிற்கும் தோணிக்குக் கேட்கும். தோணியிலிருந்து வரும் மறுமொழி கரைக்குக் கேட்பது அரிது. காற்று ஒலியைத் தூக்கிச் செல்கிறது என்று நாம் சொல்வோம். உண்மையில் நிகழ்வது வேறு. தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும் மேலேயுள்ள காற்று வேகமாகவும் வீசுவதால், காற்றோடு செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து கேட்பவரின் காதுக்கு இறங்குகிறது. எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து அவரது தலைக்கு மேலால் போய்விடுகிறது. இரவிலும் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. தரை குளிர்ந்து, அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைகிறது. ஸுப்ஹுடைய பாங்கு, லுஹருடைய பாங்கைவிடத் தூரத்துக்குக் கேட்பதற்கு ஊர் அடங்கியிருப்பது மட்டும் காரணமன்று.

வட்டையில் வேளாண்மைக்குக் காவல் கிடப்போர் இதனை நன்கறிவர். ஒரு பரணிலிருந்து எழும் 'ஓ...ஹோய்' அடுத்த பரணுக்குச் செல்கிறது. மறுமொழி வந்தால் அங்கே ஆள் விழித்திருக்கிறார் என்று பொருள். அதே ஒலி விட்டுவிட்டு விரைந்து வந்தால் யானை இறங்கிவிட்டது என்று பொருள். கவி சொல்லும் வழக்கமும் இந்தக் காவலில் வளர்ந்ததே. இரவின் தனிமையில் தன் குரலுக்குப் பதில் குரல் தேடிய மனிதனே கவியில் நீட்டி இசைத்தான் என்று நான் எண்ணுவதுண்டு. 'கூப்பிடு தூரம்' என்று இன்றும் சொல்கிறோம். குரல் எட்டும் எல்லையே முன்னோருக்கு ஓர் அளவுகோலாக இருந்தது. வடமொழியில் 'குரோசம்' என்ற நில அளவைப் பெயருக்கும் கூவுதல் என்பதே அடிப்பொருள்.

கூவுவதை ஒரு முழு மொழியாகவே வளர்த்தோரும் உலகில் உளர். கனாரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில், மலைக்கு மலை சீழ்க்கையடித்தே மக்கள் பேசிக்கொள்வர். ஸ்பானிய மொழியின் ஒலிகளைச் சீழ்க்கையின் ஏற்ற இறக்கமாக மாற்றியமைத்த வழக்கு அது. தொலைபேசியும் வீதியும் வந்தபின் அழியும் நிலைக்கு வந்த அதனை 1999 முதல் பாடசாலைகளிலே கற்பித்து மீட்டனர். 2009இல் யுனெஸ்கோ அதனை மானிடத்தின் மரபுரிமையாக ஏற்றது. துருக்கியின் மலைக் கிராமங்களில் வழங்கும் 'பறவை மொழி' என்ற சீழ்க்கை மொழி 2017இல் அவ்வாறே பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் இணங்கினால் சீழ்க்கையும் மொழியாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கூடி இழுக்கும் குரல்

தூரத்தை வெல்வதற்கு மட்டுமன்றி, பல கைகளை ஒரு கையாக்குவதற்கும் குரல் பயன்பட்டது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஒருமித்து ஒலித்து இழுப்பர். 'ஏலேலோ' என்பதற்குப் பொருள் என்ன என்று கேட்டால் இழுப்போரிடம் விடை இராது. ஆனால், எந்த இடத்தில் குதியை மணலில் ஊன்றுவது, எந்த இடத்தில் உடம்பைப் பின்னால் சரிப்பது என்பதை அந்த ஒலியே சொல்லிவிடுகிறது. எடுத்துக் கொடுப்பவர் ஒலியைச் சுருக்கினால் வலை விரைந்து வர வேண்டும். நீட்டினால் சுமை கூடியிருக்கிறது, நிதானமாக இழுக்க வேண்டும். களத்திலே எருமைகளை வளையவிட்டுச் சூடு மிதித்த காலத்தில் எழுந்த 'பொலியோ பொலி' என்ற குரலும் இத்தகையதே. அது மிருகத்தை நடத்தியது. நித்திரை தூங்கும் மனிதனை எழுப்பி வைத்தது. களம் பொலிய வேண்டும் என்ற வேண்டுதலாகவும் அமைந்தது. இயந்திரங்கள் வந்தபின் இக்குரல்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பாடல் வரிகள் நூல்களில் இருக்கின்றன. இழுப்பின் இடையே மூச்சு வாங்கிய இடம் எந்த நூலிலும் இல்லை.

குரவை

ஆண்களின் குரலுக்குக் கடலும் களமும் என்றால், பெண்களின் குரலுக்குக் கலியாண வீடு. நாவை வாய்க்குள் விரைவாக அசைத்து, உயர்ந்த குரலில் அதிரவிடும் குரவை ஒலிக்கு எமது ஊர்களில் ஒரு தனியான இலக்கணமே உண்டு. கிழக்கிலங்கையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் கலியாணத்தின்பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழி மரபை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே, மாப்பிள்ளை வாசலை அடையும் கணம் இங்கு மிக முக்கியமானது. அந்தக் கணத்தை ஊருக்கு அறிவிப்பது குரவையே. வீட்டுக்குள் இருக்கும் மணமகளுக்கும், அடுப்படியில் நிற்போருக்கும், அடுத்த தெருவில் உள்ளோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மனிதச் செவி கூர்மையாகக் கேட்பது உயர்ந்த ஒலிகளையே. கூட்டத்தின் இரைச்சலை ஊடறுத்துக் குரவை கேட்பதன் காரணம் அதுதான்.

தமிழ் நாட்டில் இதனைக் குலவை என்பர். வங்காளத்தில் 'உலு' என்பர். அறபுப் பெண்கள் 'ஸகாரீத்' என்பர். கிழக்கு ஆபிரிக்காவின் ஸுவாஹிலி மொழியில் அது 'விகெலெகெலே'. இந்த ஒலி பெரும்பாலும் மகிழ்ச்சிக்கே உரியது. ஆயினும், பலஸ்தீனத்தில் ஷஹீதானவரின் ஜனாஸா எடுக்கப்படும்போதும் தாய்மார் ஸகாரீத் எழுப்புவதுண்டு. அதே நா, அதே அசைவு, அதே ஒலி. கேட்போரின் நெஞ்சில் அது எழுப்பும் பொருளோ வேறு.

கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். அம்மன் கோவில் சடங்கில் எழும் குரவையும், முஸ்லிம் கலியாண வீட்டில் எழும் குரவையும் காற்றில் கலந்தால் எது யாருடையது என்று பிரித்தறிய முடியாது. கசப்பான ஆண்டுகள் பலவற்றை இரு சமூகங்களும் கண்டன. அந்த ஆண்டுகளிலும் இந்த ஒலி எல்லைக் கோடு எதையும் அறிந்திருக்கவில்லை. இன்று மண்டபங்களில் நடக்கும் கலியாணங்களில் ஒலிபெருக்கியின் பாட்டுக்கு நடுவே குரவை அருகிவிட்டது. இளம் பெண்கள் பலருக்கு நா புரளவில்லை என்பதை வயதான ராத்தாமார் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

உச்சும் ஓர் எழுத்தே

ஓரிடத்து இணக்கம் மற்றோரிடத்தில் செல்லாது என்பதற்கு உச்சுக் கொட்டுவது நல்ல உதாரணம். நாநுனியைப் பல்லடியில் ஒட்டி, காற்றை உள்ளே இழுத்து விடுவிக்கும் ஒலி அது. எமக்கு அது அனுதாபம்; சில வேளை சலிப்பு. கிரேக்கத்திலும் துருக்கியிலும் சிரியா, லெபனான் பக்கத்திலும் அதே ஒலிக்கு 'இல்லை' என்பது பொருள். மத்திய கிழக்கில் தொழில் புரிந்து திரும்பிய நண்பரொருவர் தம் அனுபவத்தைச் சொன்னார். ஊரில் உம்மாவுக்குச் சுகமில்லை, லீவு வேண்டும் என்று சிரிய நாட்டு மேற்பார்வையாளரிடம் கேட்டாராம். அவர் புருவத்தை உயர்த்தி உச்சுக் கொட்டினாராம். 'பாவம், இரக்கமுள்ள மனுசன்' என்று நண்பர் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார். லீவு மறுக்கப்பட்ட செய்தி அவருக்கு இரண்டு நாள் கழித்தே புரிந்தது.

தென்னாபிரிக்காவின் ஸோஸா, ஸூலு மொழிகளில் இத்தகைய நாவொலிகள் முழுமையான மெய்யெழுத்துக்கள். ஸோஸா என்ற பெயரின் முதலொலியே, மாட்டை ஓட்டுவோர் நாவின் பக்கத்தால் எழுப்பும் 'டக்' என்ற ஒலியை ஒத்தது. பாடகி மிரியம் மக்கெபா இந்த ஒலிகள் நிறைந்த பாடலை மேடைகளில் பாடி உலகைக் கவர்ந்தார். நாம் மாட்டுக்கு மட்டும் ஒதுக்கிவிட்ட ஒலியைக் கொண்டு அவர்கள் கவிதையும் சட்டமும் எழுதுகிறார்கள்.

'ம்' என்ற ஓர் ஒலி

எல்லாவற்றிலும் சிறியதும், எல்லாவற்றிலும் பெரியதும் 'ம்' என்பதே. வாயைத் திறக்காமலே இதனை ஒலிக்கலாம். இறங்கி ஒலித்தால் சம்மதம். ஏறி ஒலித்தால் கேள்வி. இரட்டித்து இழுத்தால் சந்தேகம். அழுத்தி வெட்டினால் எச்சரிக்கை. நடுவே மூச்சு விட்டு 'ம்ஹும்' என்றால் மறுப்பு. இரவில் கதை சொல்லும் மூத்தம்மா, பிள்ளை 'ம்' கொட்டுவதை நிறுத்தினால் கதையை நிறுத்திவிடுவாள். 'மறுகா?' என்று பிள்ளை கேட்டால்தான் அரசிளங்குமாரன் மீண்டும் குதிரை ஏறுவான். கதையின் பாதி கேட்பவரின் 'ம்'மில் இருக்கிறது.

விளங்காதபோது நாம் கேட்கும் 'ஆ?' என்பதும் இதன் உறவினனே. நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் டிங்கமான்ஸும் இருவரும் 31 மொழிகளை ஒப்பிட்டு, 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்றோடொன்று உறவற்ற மொழிகளிலும் இந்தக் கேள்வி ஒலி ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதைக் கண்டனர். 'எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்' என்பதே மனிதகுலத்தின் பொதுமொழி போலும்! சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2015இல் இதற்குக் கிடைத்தது.

சொற்கள் யாவும் போனபின்னும் ஒலி எஞ்சி நிற்பதுண்டு. பாரிஸ் நகருக்கு அருகே பீசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்ற நோயாளி இருந்தார். அவரால் 'தான்' என்ற ஓர் ஒலியை மட்டுமே எழுப்ப முடிந்தது. கேட்பதெல்லாம் அவருக்கு விளங்கியது. குரலின் ஏற்ற இறக்கத்தாலும் கையசைவாலும் மறுமொழி சொல்வார். 1861இல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்த போல் புரோக்கா என்ற மருத்துவர், பேச்சுக்குரிய மூளைப் பகுதியை அடையாளங்கண்டார். பாரிசவாதத்தால் பேச்சிழந்த முதியோர் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரே ஒலியில் எது தண்ணீர், எது நோ, எது கோபம் என்று பிரித்தறிவது பக்கத்தில் இருக்கும் மகளோ மனைவியோதான். புதிதாக வரும் வைத்தியருக்கு அது வெறும் முனகல். இத்தகைய நோயாளரின் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் மருந்தெழுதும் வைத்தியரை நான் மதிக்கிறேன்.

இந்தச் சிறிய ஒலியில் பெரிய பொறுப்பு தங்கும் இடம் நிகாஹ். கன்னிப் பெண் நாணமுடையவள், அவளது மௌனமே அவளது சம்மதம் என்ற நபிமொழி யாவரும் அறிந்தது. முன்னர் மணமானவளிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தே வருகிறது. தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த மணத்தை மறுத்த கன்ஸா என்ற பெண்மணியின் முறைப்பாட்டைக் கேட்டு, நபியவர்கள் அந்த மணத்தை நீக்கினார்கள் என்பதும் ஹதீஸில் உள்ளது. ஆக, அங்கே மௌனத்தையும் கேட்கும் செவி இருந்தது. மறுப்பையும் கேட்கும் செவி இருந்தது. எமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, பதிவில் மாப்பிள்ளையும் வலியும் கையொப்பமிட இடம் வைத்தது. மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. மணமகளும் கையொப்பமிட வேண்டும் என்ற குரல் பின்னர் எழுந்தது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018இல் தன் அறிக்கையைக் கையளித்தது. சட்ட விவாதத்தை அறிந்தோர் நடத்தட்டும். ஒலியைப் பற்றிப் பேசும் நான் கேட்பது இதனை மட்டுமே: அறைக்குள் இருந்து வந்த 'ம்' ஏறி ஒலித்ததா, இறங்கி ஒலித்ததா? வெளியே வந்து 'பிள்ளை சம்மதம்' என்று அறிவிப்பவர் அதனை உண்மையில் கேட்டாரா? சம்மதத்தின் 'ம்'முக்கும் அழுகையை அடக்கும் 'ம்'முக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எழுதிக் காட்ட எழுத்தில்லை. கையொப்பம் எழுத்தில் உள்ளது.

'கடல் வருகுது'

கேட்கும் செவி ஆயத்தமாக இல்லாதபோது நேரும் இழப்பை எமது கரை ஒரே நாளில் கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. அலை எமது கரைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடக்கம் பொத்துவில் வரை அழிவின் சுவடு இல்லாத கரையோர ஊர் இல்லை.

அன்று எச்சரிக்கை ஒலி எதுவும் எழவில்லை என்று சொல்ல முடியாது. கடற்கரையிலிருந்து ஓடி வந்தோர் 'கடல் வருகுது! கடல் வருகுது!' என்று கத்திக்கொண்டேதான் வந்தனர். தப்பியோர் பலர் இதனை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எளிய இரண்டு சொற்கள். ஆனால் அவ்விரண்டையும் சேர்த்து எமது ஊரில் அதற்கு முன்னர் யாரும் கேட்டதில்லை. கடல் எப்படி வரும்? சிலர் சிரித்தனர். சிலர் என்னவென்று பார்க்கக் கடற்கரைக்கே போயினர். கூப்பாட்டின் தொனியைக் கேட்டு, காரணம் கேளாமல் பிள்ளைகளை வாரிக்கொண்டு மேற்கே ஓடியோர் தப்பினர்.

சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. நடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்தது அது. அலை வந்து சேரப் பத்து நிமிடமளவே அவர்களுக்கு இருந்தது. ஆயினும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் அன்று இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. காரணம் ஒரு சொல். 1907ஆம் ஆண்டில் அத்தீவை ஒரு பேரலை அழித்தது. மீண்டோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். நிலம் பலமாக நடுங்கி, கடல் வற்றினால் ஸ்மோங் வரும், மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் பாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஊட்டி வந்தனர். 97 ஆண்டுகளுக்குப் பின் 'ஸ்மோங்' என்ற கூப்பாடு எழுந்தபோது யாரும் பொருள் கேட்கவில்லை. அவர்களிடம் கோபுரமும் கருவியும் இருக்கவில்லை. பாட்டிமார் இருந்தனர்.

எமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று; கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி மீண்டும் சுமாத்திராக் கடலில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு அகன்றனர். நல்லவேளையாகப் பேரலை எழவில்லை. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், கருவி ஊமையாகும் நாளும் வரலாம். எமக்குச் சிமெலுவே மக்களைப் போல நிலநடுக்கம் என்ற முன்னறிவிப்பும் இல்லை. தூரத்தில் நடுங்கும் நிலம் எமது காலுக்குத் தெரியாது. கடலின் மாற்றத்தைக் கண்ட முதல் மனிதனின் குரலே எமக்கு எச்சரிக்கை.

ஆகவே, எமது கவிஞர்களிடமும் ஆசிரியர்களிடமும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. கவியும் தாலாட்டும் வளர்ந்த கரை இது. பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போது பாடும் பாட்டில் கடலின் அழகைச் சொல்லும் உம்மாமார், கடல் நிறம் மாறினால், கரை வற்றினால், எந்தத் திசைக்கு ஓடுவது என்பதற்கும் ஓரிரு அடி சேர்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் எழுப்ப வேண்டிய கூப்பாடு எது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கட்டும். அது நீண்ட உயிரொலி கொண்டதாக, காற்றை எதிர்த்தும் கேட்கத்தக்கதாக இருக்க வேண்டும். வேறெந்த வேளையிலும் பயன்படாததாகவும் இருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் திகதி தேசிய பாதுகாப்பு தினம் என்று நினைவுகூரப்படுகிறது, காலை 9.25 முதல் 9.27 வரை மௌனம் காக்கும்படி நாடு கேட்கப்படுகிறது. இறந்தோருக்கு அந்த இரண்டு நிமிட மௌனம் உரியது. 9.28க்குக் கரையோரச் சிறுவர் யாவரும் ஒன்றுகூடி, அந்தக் கூப்பாட்டை ஒரு முறை உரத்து எழுப்பிப் பழகட்டும்.